மாற்றுதலும் மறைத்தலும்: ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எழுப்பிய வினா

பழைய பொருளொன்றைப் பேணுகின்றோம் என்று நாம் கூறும்போது உண்மையில் எதனைப் பேணுகின்றோம்? அதன் உறுப்புகளையா, உருவத்தையா, பெயரையா, அன்றி அதனைப் பற்றிய நினைவையா? மெய்யியல் வகுப்பில் இவ்வினாவைப் பலமுறை கேட்டவன் நான். அதற்கு விடையெழுதிப் புள்ளிகளும் பெற்றவன். ஆயினும் அவ்வினா என்னை உண்மையிலேயே தொட்டது விரிவுரை மண்டபத்தில் அன்று. சென்ற விடுமுறையில், திருகோணமலையில், என் மாமாவின் வீட்டுக் கோடியிலுள்ள தகரக் கொட்டிலில், மண்ணெண்ணெய் வாடைக்கு நடுவேதான் அது நிகழ்ந்தது. அந்நிகழ்ச்சியை முன்வைத்து, மாற்றம் பெற்ற ஒரு பொருளைப் பற்றி நாம் எவ்வாறு பேசுதல் நேர்மையாகும் என்பதை ஆராய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பொருளை அறிமுகஞ் செய்தல் வேண்டும். அது பீ.எஸ்.ஏ. எம் 20 எனப்படும் மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் உற்பத்தியான இவ்வகை வண்டிகள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படையினரின் பாவனைக்கென ஏறக்குறைய 126,000 செய்யப்பட்டன. 496 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய ஒற்றைச் சிலிண்டர், அதன் பக்கத்தே நிமிர்ந்து நிற்கும் வால்வுகள், 4.9க்கு 1 என்னும் மிகத் தாழ்ந்த அமுக்க விகிதம். பின்சில்லுக்கு வில்லே இல்லாத இறுகிய சட்டம். விரைவுக்காக அன்றி, கரடான பாதையில் தாழ்ந்த தர எரிபொருளுடனும் தளராது ஓடுவதற்காகவே அது அமைக்கப்பட்டது. திருகோணமலைக்கு இத்தகைய பொருள்கள் அந்நியமானவை அல்ல. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய துறைமுகம் இது. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் காட்டிடையே நின்று அக்காலத்தை நினைவூட்டுகின்றன. 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தனர். அக்காலத்தில் துறைமுகத்தில் தொழிலாளியாக இருந்த என் அம்மப்பா இவ்வண்டியை விலைக்கு வாங்கினார் என்பது எங்கள் குடும்பக் கதை.

அம்மப்பா அதிலேதான் கந்தளாய்க்குச் சென்று நெல் மூடை கட்டி வந்தார். என் அம்மாவையும் மாமாவையும் தாங்கியின் மேலும் பின்னிருக்கையிலும் இருத்திப் பள்ளிக்கூடம் கொண்டு சென்றார். 1990இல் குடும்பம் இடம்பெயர்ந்தபோது வண்டி கொட்டிலிலேயே நின்றது. திரும்பி வந்தபோது விளக்கும் இருக்கையும் இல்லை. ஆனால் வண்டி இருந்தது. அம்மப்பா இறந்த பின்னர் மாமா அதனைத் துடைத்து வைத்தாரேயன்றி நெடுந்தூரம் ஓட்டியதில்லை. இவ்வாண்டு, பழைய வாகனங்கள் பல நாள்கள் ஓடித் தீவை வலம்வரும் நெடும்பயணமொன்றிற்கு அவர் விண்ணப்பித்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீற்றர். விடுமுறையில் வீட்டில் நின்ற நான் உதவியாளன் ஆனேன்.

நெடும்பயணத்துக்கு ஒரு வண்டியை ஆயத்தஞ் செய்தல், கண்காட்சிக்கு அதனை ஆயத்தஞ் செய்வதினின்றும் முற்றிலும் வேறுபட்டது என்பதை நான் முதல் வாரத்திலேயே அறிந்துகொண்டேன். கண்காட்சி கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே வினவும். தூரமோ தெரியாததையே வினவும். பத்துக் கிலோமீற்றர் செம்மையாக ஓடும் வண்டி நூறாவது கிலோமீற்றரில் நின்றுவிடலாம். மக்னீற்றோவை எடுத்துக்கொள்வோம். அதன் செப்புக் கம்பிச் சுருளைக் காத்து நிற்கும் அரக்கு பல ஆண்டுகளில் பழுதடைகின்றது. குளிர்ந்த நிலையில் அது நல்ல தீப்பொறியைத் தரும். ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறியதும் அரக்கு இளகித் தீப்பொறி மறைந்துவிடும். ஆறிய பின் ஒன்றும் நிகழாதது போல மீண்டும் பொறியும். தாங்கியின் உட்புறத்துத் துருவும் அத்தகையதே. முற்றத்தில் அடியிற் படிந்து கிடப்பது, குலுங்கும் பாதையில் எழுந்து வந்து கார்பரேற்றரின் ஊசித்துளையை அடைக்கும். நெடுங்காலம் நின்ற இயந்திரத்தில் இக்காலத்துக் கழுவுந்தன்மையுள்ள எண்ணெயைத் திறந்து பாராமல் ஊற்றினால், உள்ளே உறைந்து கிடந்த கசடு கிளம்பி எண்ணெய் வழிகளை மூடக்கூடும். நன்மை செய்வதாக எண்ணி நாம் ஊற்றுவதே கேடாய் முடியும்.

ஆகவே மாமா ஒன்றையும் நம்பவில்லை. சில்லுகளின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி ஒலி கேட்டார். மந்தமாக ஒலித்தவற்றை இறுக்கினார். ரயர்களில் தடிப்பு நிறைய இருந்தும் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் கண்டு இரண்டையும் கழற்றி எறிந்தார். அக்காலப் பிரித்தானிய ஆணிகளுக்கு இன்றைய மில்லிமீற்றர் ஸ்பானர் சரியாகப் பொருந்தாது. வற்புறுத்தினால் ஆணியின் தலை உருண்டுபோகும். எனவே அம்மப்பாவின் பழைய பெட்டியிலிருந்த விற்வேர்த் அளவு ஸ்பானர்களே மீண்டும் வெளிவந்தன. புதிதாகப் பூசப்பட்டு அழகாயிருந்த சட்டத்தின் மூட்டுகளில் அவர் பூச்சைச் சுரண்டத் தொடங்கியபோது நான் தடுத்தேன். "பெயின்ற் பொய் சொல்லும் தம்பி. சுரண்டினால்தான் இரும்பு பேசும்" என்றார்.

இவ்வாறு சுரண்டியும் கழுவியும் செல்கையில்தான் அந்த வெடிப்பு வெளிப்பட்டது. சுழல்தண்டைத் தாங்கி நிற்கும் அலுமினிய உறை இயந்திரத்தின் அடித்தளமாகும். பட்டறையில் அதனைக் கிராங்கேஸ் என்பர். மாமா அதனை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மேலே வெண்கட்டித் தூளைப் பூசினார். சிறிது நேரத்தில், வெடிப்பினுள் ஒளிந்திருந்த எண்ணெய் தூளில் ஊறி ஒரு கருங்கோடாக எழுந்தது. பிரதான பெயாரிங் அமரும் இடத்திலிருந்து அது இரண்டங்குலம் நீண்டிருந்தது. ஒட்டலாம், ஆனால் அவ்விடத்தில் ஒட்டியதை ஆயிரம் கிலோமீற்றருக்கு நம்ப முடியாது. பெயாரிங் இருக்கை விட்டுக்கொடுத்தால் இயந்திரம் ஓட்டத்தின் நடுவே இறுகிச் சில்லு பூட்டிக்கொள்ளலாம். அப்போது விழுபவர் மாமா மட்டுமல்லர். பின்னால் வருபவரும் விழலாம்.

தேடியலைந்து, குருநாகலில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதே வகை வண்டியொன்றின் உறையைச் சோடியாகவே வாங்கி வந்தோம். உறை நன்று. ஆயினும் ஒரு சிக்கல் எழுந்தது. இயந்திரத்தின் இலக்கம் பொறிக்கப்பட்டிருப்பது இவ்வுறையிலேதான். வந்த உறையில் வேறோர் இலக்கம் இருந்தது. பயண அமைப்பாளரின் விண்ணப்பத்திலோ ஒரு வினா இருந்தது: வண்டி தன் மூல இயந்திரத்துடன் உள்ளதா? 'ஆம்' என்போர் ஒரு பிரிவில் இடம்பெறுவர். அப்பிரிவுக்கே மதிப்பும் பரிசும் உண்டு. மாமாவின் நண்பரொருவர் எளிய வழியொன்று கூறினார். புதிய இலக்கத்தை அராவி எடுத்துவிட்டுப் பழைய இலக்கத்தை அதன் மேல் அடித்துவிடலாம், எழுத்து அச்சுகள் தம்மிடம் உண்டு, யாரும் அறியார்.

நான் அவரை ஆதரித்தேன். அதுமட்டுமன்று, மெய்யியலை அவருக்குத் துணையாக அழைத்தும் வந்தேன். இதனை இங்கு மறையாமல் எழுதுதல் என் கடன்.

என் வாதம் இதுவே. பழங்கிரேக்கத்து ஏதென்சு மக்கள் தீசியசு என்னும் வீரனின் கப்பலைப் பேணி, உளுத்த பலகைகளை எடுத்துப் புதியவற்றை இட்டு வந்தனர் என்று புளூட்டார்க் கூறுகின்றார். அது பழைய கப்பல்தானா என்பதில் மெய்யியலாளர் இரு கட்சியாயினர். 17ஆம் நூற்றாண்டில் தோமசு ஓப்சு இச்சிக்கலை மேலும் இறுக்கினார். கழற்றிய பழம்பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து அவற்றால் மற்றொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியசின் கப்பல்? நமக்கு அண்மையில், மிலிந்த மன்னனுக்கு நாகசேன தேரர் கூறிய விடை இன்னும் ஆழமானது. அச்சும் தேரன்று, சில்லும் தேரன்று, நுகமும் தேரன்று. இவை கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர். ஆகவே 'மூல இயந்திரம்' என்ற ஒன்று உலகில் இல்லை. பெயர் மட்டுமே உண்டு. இல்லாத ஒன்றைப் பற்றிப் பொய் சொல்லவும் முடியாது. இலக்கம் இரும்பில் விழுந்த சில கீறல்கள். அவற்றை இடம் மாற்றுவதில் யாருக்கு என்ன நட்டம்?

மாமா பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவர். கையைத் துணியில் துடைத்தபடி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "ஒண்டுமில்லை எண்டு சொல்லுறாய். சரி. அப்ப அந்த நம்பரை ஏன் அடிக்கச் சொல்லுறாய்?"

எனக்கு விடை வரவில்லை. இன்றும், அவ்வினாவுக்கு முன் என் வாதம் நின்றுபிடிக்காது என்றே கருதுகின்றேன். மூலம் என்பது வெறும் பெயரே என்றால், 'இல்லை' என்று எழுதுவதால் எமக்கு இழப்பு எதுவும் இருத்தலாகாது. 'ஆம்' என்று எழுத நாம் விரும்புகின்றோம் எனில், அச்சொல்லுக்குப் பிறர் அளிக்கும் மதிப்பை நாம் விரும்புகின்றோம் என்பதே பொருள். அம்மதிப்போ அச்சொல் உண்மை என்னும் நம்பிக்கையினின்றும் பிறப்பது. பொருள் இல்லை என்று மறுத்துக்கொண்டே அதன் விலையைப் பெற முயன்றேன். என் வாதத்தின் பிழை இதுவே.

ஈண்டு இரண்டு வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். 'இப்பொருள் அதே பொருள்தானா?' என்பது ஒன்று. 'இப்பொருளைப் பற்றி நாம் பிறருக்கு என்ன கூறுகின்றோம்?' என்பது மற்றொன்று. முன்னையது இருப்பு பற்றியது. அதற்கு அறுதியான விடை இல்லாதிருக்கலாம். பின்னையது ஒழுக்கம் பற்றியது. அதற்கு எப்போதும் விடை உண்டு. யோன் லொக் தம் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆளின் ஒருமைப்பாடு பற்றி எழுதியபோது, 'ஆள்' என்பதே வழக்குமன்றத்துக்குரிய சொல் என்ற கருத்தை முன்வைத்தார். செயலையும் அதன் பயனையும் யார் தம்மதென ஏற்பர் என்பதை அறியவே அச்சொல் நமக்குத் தேவைப்படுகின்றது என்பது அவர் கருத்து. அவர் மனிதரைப் பற்றிக் கூறியதைப் பொருள்களுக்கும் ஓரளவு விரித்து நோக்கலாம். ஒரு பழம்பொருளின் தொடர்ச்சி அதன் உலோகத்தில் மட்டும் இல்லை; அதற்கு நேர்ந்தவற்றையெல்லாம் நேர்ந்தவாறே ஏற்றுக் கணக்குக் கொடுக்க ஒருவர் இருக்கின்றார் என்பதிலும் உள்ளது.

மோட்டார் சைக்கிள் விளையாட்டின் விதிகளே இதனை நன்கு விளக்குகின்றன. 1913இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கிய பன்னாட்டு ஆறு நாள் சோதனை ஓட்டத்தில் வண்டிகளின் முக்கிய உறுப்புகளுக்கு அடையாளமிடும் வழக்கம் நிலைபெற்றது. அடையாளமிட்டவற்றை இடையில் மாற்றலாகாது. பழுதுகளை ஓட்டுநர் தம் கையாலேயே நீக்க வேண்டும். மாறாக, அமெரிக்காவில் 2010இல், 1915ஆம் ஆண்டுக்குப் பிற்படாத மோட்டார் சைக்கிள்கள் கிற்றி ஹோக்கிலிருந்து சான்ரா மொனிக்கா வரை, கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல் வரை, ஓடின. ஒரு நூற்றாண்டு பழைய இயந்திரங்களால் மாற்றுறுப்பின்றி அத்தூரத்தைக் கடக்க இயலாது. ஆகவே இரவிரவாகப் பிரித்துப் பூட்டிப் பகலில் ஓட்டினர். ஓரிடத்தில் மாற்றம் விலக்கு, ஓரிடத்தில் அனுமதி. எது மாறலாம், எது மாறலாகாது என்பதை அந்தந்தச் சமூகம் தன் நோக்கத்துக்கேற்ப வகுத்துக்கொள்கின்றது. நாகசேனர் கூறியது போல அது பெயரளவினதே ஆகட்டும். ஆயினும் வகுத்த பின்னர் அதனை ஏமாற்றுவதற்கு எந்தச் சமூகமும் இடந்தருவதில்லை.

இவ்வுண்மைக்குத் திருகோணமலையிலே பெரியதொரு சான்று உண்டு. சுவாமிமலைக் குன்றில் இருந்த பழைய கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தனர். அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினர். இன்று பிரட்றிக் கோட்டை எனப்படும் அதன் வாயிலில் இணைக்கயல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இன்றும் நிற்கின்றது. 1950இல் கிணறு வெட்டியபோது புதையுண்டு கிடந்த திருவுருவங்கள் சில வெளிவந்தன. 1956இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் பாறையடிக் கடலில் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். மீளக் கட்டிய கோயிலின் குடமுழுக்கு 1963இல் நிகழ்ந்தது. ஓப்சு கற்பனையில் எழுப்பிய புதிர் எங்கள் ஊரில் கல்லாகவே நிற்கின்றது எனலாம். பழைய கற்கள் கோட்டையிலும் கடலிலும் உள்ளன. குன்றில் இருப்பவை புதிய கற்கள். கோயில் எங்கே?

இவ்வினாவை எங்கள் ஊரில் ஒரு மூதாட்டியிடம் கேட்டால் அவர் தயங்காமல் குன்றைக் காட்டுவார். ஆனால் அதே மூச்சில், இடித்த கதையையும் கூறுவார். இன்றைய கட்டடம் பழைய கட்டடமே என்று யாரும் சாதிப்பதில்லை. அவ்வாறு சாதித்தால் கோயிலின் பெருமை ஓங்குவதற்குப் பதிலாக, அது இடிக்கப்பட்டது என்ற உண்மையே அழிந்துபோகும். இடித்தமையையும் புதைத்தமையையும் மீட்டமையையும் மறையாது சொல்லி வருவதனாலேயே அது அதே கோயிலாக நிற்கின்றது. மாற்றத்தை மறைப்பவர் இழப்பையும் மறைக்கின்றார். இழப்பை மறைத்தால் அதனைத் தாங்கி மீண்டவர்களின் உழைப்பும் மறைந்துபோகும்.

இலக்கம் அடிப்பதால் யாருக்கும் தீங்கில்லை என்னும் தடை இன்னும் எஞ்சியுள்ளது. அது வலுவற்றது. இவ்வண்டி மாமாவுடன் முடிந்துவிடப் போவதில்லை. நாளை இதனை வாங்குபவரோ, எனக்குப் பின் எங்கள் வீட்டில் ஓட்டுபவரோ, அதன் இலக்கத்தை நம்பியே அதன் வயதையும் வரலாற்றையும் அறிவார். அதனைத் திறக்கும் மெக்கானிக் உள்ளே இருப்பது எதுவென்று தவறாகக் கணிப்பார். பதிவுப் புத்தகத்தில் ஓர் இலக்கமும் உண்மையில் வேறோர் உறையும் இருக்கும் நாட்டில், களவுபோன வண்டிக்கும் நேர்மையான வண்டிக்கும் இடையே வேறுபாடு காண இயலாது. பொய் சொன்னவருக்கு அது ஒரு நாள் வேலை. கேட்டவர் அதனைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்க நேரும்.

அன்றியும், நம்மவருக்குப் பழையதைப் பேணுதல் பெரும்பாலும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதானபோது, பழைய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சிறிதளவு பெற்றோலால் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினர். உரிய உறுப்பு கிடையாதவிடத்து வேறொன்றைக் கடைந்து பொருத்தினர். அவ்வண்டிகளில் 'மூலம்' எவ்வளவு எஞ்சியது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நோயாளி வைத்தியசாலையைச் சென்றடைந்தாரா என்பதே கேள்வி. அத்தகைய மாற்றங்களில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவற்றை அராவி மறைத்து, என்றும் எதுவும் நேராதது போலப் பளபளக்கச் செய்வோமாயின், அக்காலத்தைத் தாங்கிய மனிதரின் அறிவையும் சேர்த்து அராவியவர் ஆவோம். ஒட்டும் ஒரு சாட்சியம். அதனைக் காட்டுதல் குறைபாடன்று.

மாமா விண்ணப்பத்தில் 'இல்லை' என்று எழுதினார். உறை மாறிய காரணத்தையும் நாளையும் கீழே குறித்தார். இயந்திர மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தில் சேர்ப்பதற்கான அலைச்சலில் இரண்டு நாள் போயிற்று. சில வாரங்களில் பதில் வந்தது. வண்டி ஓடலாம், ஆயினும் மூல இயந்திரப் பிரிவில் இடமில்லை. மாமாவுக்கு மனவருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். அம்மப்பா தொட்டுத் துடைத்த உறையை விட்டுப் பிரிவதே அவருக்குப் பரிசிழப்பிலும் பெரிய வருத்தமாக இருந்தது. அதனை அவர் எறியவில்லை. கொட்டிலில், ஸ்பானர்களின் பக்கத்தில், வெண்கட்டித் தூளின் கருங்கோடு அழியாமல் அப்படியே வைத்துள்ளார்.

நான் செய்தது ஒன்று உண்டு. எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, வண்டியில் இதுவரை மாறியவை அனைத்தையும் நினைவுக்கெட்டிய வரை எழுதினேன். அம்மாவிடமும் கேட்டு எழுதினேன். எந்த ஆண்டில் எந்தச் சில்லு மாறியது, எந்த விளக்கு களவுபோயிற்று, எந்த ஆணி எங்கள் ஊர்க் கடைசல் பட்டறையில் கடைந்தது என்பன அதில் உள்ளன. தெரியாதவற்றுக்கு எதிரே 'தெரியாது' என்று எழுதினேன். அப்பட்டியல் நான் எண்ணியதிலும் நீண்டது. அம்மப்பா வாங்கிய வண்டியில் எஞ்சியிருப்பது பாதிக்கும் குறைவே. ஆயினும் கொப்பியை மூடியபோது, இது அவருடைய வண்டிதான் என்பதில் எனக்குச் சற்றும் ஐயம் எழவில்லை. முன்பு ஐயமின்றி இருந்ததற்கு எனக்குக் காரணம் தெரியாது, இப்போது தெரியும்.

இதனை எழுதும் வேளையில் வண்டி ஆயத்தமாய் நிற்கின்றது. உதிரிக் குழாய், கிளச் கம்பி, சங்கிலிக் கண்ணி, தீப்பொறிச் செருகி, விற்வேர்த் ஸ்பானர்கள் ஆகியவற்றைத் துணியிற் சுற்றிக் கட்டியாயிற்று. கொப்பியையும் அவற்றுடன் வைக்குமாறு மாமா கூறினார். வழியில் ஏதேனும் உடையும். அதனையும் அதில் எழுத வேண்டியிருக்கும்.